வராந்தாவில் பதினோரு நாய்கள்

7-9-1964, திங்கள்

இன்றும் பிளேடு வேலைதான். வெங்கடராமன் சார் தன் பென்சில் படத்தில் ஒரு கதவை இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டிருந்தார். நான் அதன்மேல் டிரேசிங் துணியை விரித்து அப்படியே மையால் இழுத்துவிட்டேன். மத்தியானம் வந்து, கதவு தப்பாக இருக்கிறதே என்கிறார். யார் தப்பு? கேட்கவில்லை. பிளேடால் மையைச் சுரண்டி, சாக்பொடி தேய்த்து, மறுபடி கோடு போட்டேன். தப்பு அவருடையது, சுரண்டல் என்னுடையது.

ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் மூன்று கட்டம் உண்டு: டிரான், டிரேஸ்டு, செக்டு. வரைந்தவர் யார், மை ஏற்றியவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதற்கு. நாலு வருஷத்தில் நடுக்கட்டத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை என் பெயர் விழுந்திருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு தடவைகூட இல்லை. எண்ணி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் வெங்கடராமன் சாரிடம் ஒரு தடவை கேட்டேன், நானும் வரையலாமா என்று. மாட்டுங்காவில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற மனுஷர், பேச்செல்லாம் மெதுவாகத்தான். “டிரேசருக்குக் கண்ணு போரும் மேரி. புத்தி எங்கிட்ட இருக்காக்கும்” என்றார். வைததாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீசின் முதலாளி, பெரிய சார், இன்று புது வேலை வந்திருக்கிறது என்றார். செம்பூருக்கு அப்பால், கடல் கழி ஓரத்தில் இடிந்த கோட்டை. பழையபடி எழுப்ப வேண்டுமாம்.

12-9-1964, சனி

போய்ப் பார்த்தோம். செம்பூரில் இறங்கி பஸ், பிறகு உப்பளத்து வரப்பில் நடை. பெரிய சார் முன்னால், நாடா பிடிக்க நான், நோட்டுப் புத்தகத்துடன் வெங்கடராமன் சார்.

கோட்டை என்றதும் கொத்தளம், அகழி என்று நினைத்திருந்தேன். இது வேறு. ஒரு போர்ச்சுகீசியக் கேப்டன் இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன் கட்டிய வீடு. முன்முகம் நேராக நிற்காமல் உள்ளே குழிந்து வெளியே வளைகிறது. தூண்களை முறுக்கிப் பிழிந்திருக்கிறார்கள். சிப்பி, திராட்சைக் கொடி, சிறகு முளைத்த, கன்னம் உப்பிய சம்மனசுகள், ஒரு சாண் இடத்தைக்கூட சும்மா விடவில்லை. இந்த மாதிரி கட்டுவதற்கு பரோக் என்று பெயராம். அந்தச் சொல்லுக்கே கோணல் முத்து என்றுதான் அர்த்தம் என்றார் பெரிய சார்.

நடுவில்தான் அநியாயம். மராட்டியருக்கும் போர்ச்சுகீசியருக்கும் 1737-இல் நடந்த சண்டையில் கழிக்கு அந்தப் பக்கமிருந்து பீரங்கியால் அடித்திருக்கிறார்கள். முன்முகத்தின் நடுவே இருபத்தைந்து அடிக்குச் சுவரே இல்லை, தரை முதல் கூரை வரை. மிச்சச் சுவரில் இரண்டு பக்கமும் குண்டு பாய்ந்த ஓட்டைகள். அதன்பிறகு உப்புக் கிடங்கு, போன யுத்தத்தில் மிலிட்டரிக்காரன் பீப்பாய் அடுக்கிய இடம். கொத்து வேலைக்கு வந்தவர்கள் ‘டூட்டா கில்லா’ என்கிறார்கள், உடைந்த கோட்டை.

இப்போது ஒரு டிரஸ்ட் வாங்கியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக்கப் போகிறார்கள். ஆனால் அவர்கள் கமிட்டி ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறது: நடுவில் முன்பு என்ன இருந்தது என்று அத்தாட்சியோடு காட்டினால் அதைக் கட்டலாம், இல்லையென்றால் வெறும் செங்கல் சுவர் எழுப்பி மூடிவிட வேண்டும். அடுத்த மழைக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த முகத்தின் நடுவே செங்கல் சுவரா? பல் போன இடத்தில் கதவுப் பலகையை அடித்த மாதிரி இருக்கும்.

வீட்டில் அம்மாவிடம் கோணல் முத்து கதையைச் சொன்னேன். அம்மாவின் அண்ணன்மார் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள். “கோணமுத்தும் கடல்ல கெடந்ததுதானளா. அதுக்கும் ஒருத்தன் வருவான்” என்றாள் அம்மா சேசம்மாள். எதைச் சொன்னாலும் கடைசியில் என் கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

22-9-1964, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்கினால் பாவம்.

கோட்டையைப் பற்றி இருப்பது ஒரே ஒரு காகிதம். கேப்டனின் விதவை செத்தபோது, 1721-இல், வீட்டில் உள்ளதையெல்லாம் அறை அறையாக எழுதிய ஜாபிதா. அதன் போட்டோ நகல் கோவாவிலிருந்து வந்தது. பெரிய சார் மேசையில் விரித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். போர்ச்சுகீசிய பாஷை, ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்க்க டிமெல்லோ என்ற கோவாக்காரர் சனிக்கிழமைதான் வருவாராம்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஜனேலா’. அடுத்த வரியில் ‘சாவே’. பிறகு ‘மேசா’. வாய்விட்டே சொல்லிவிட்டேன்: சார், இது சன்னல், இது சாவி, இது மேசை.

வெங்கடராமன் சார் என்னைப் பார்த்த பார்வை! அடுத்தது என்ன என்றார் பெரிய சார். ‘கிராதே’. கிராதி சார், கம்பி அடைப்பு. ‘கொசின்ஹா’. எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் சமையல் இடத்தைக் குசினி என்றுதான் சொல்லுவாள். ‘பாங்கோ’. வாங்கு, உட்காருகிற பலகை. ‘மெஸ்த்ரே’. மேஸ்திரியேதான்! நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவன் எங்கள் கடற்கரையில் விட்டுப்போன சொற்கள். ஞானஸ்நானம் கொடுத்தான், கூடவே சாவியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஒரு பக்கத்தில் முப்பத்தொரு சொல். வெங்கடராமன் சார் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொல்ல, அவர் எழுத!

3-10-1964, சனி

டிமெல்லோ முழுவதையும் மொழிபெயர்த்துத் தந்தார். எழுபது வயது, கோட்டுப் பையில் பட்டாணி. என் முப்பத்தொன்றில் இருபத்தெட்டு சரி.

முன்முகத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: பெரிய வாசலின் முன்புறம், கடலைப் பார்த்து, ஒரு வராந்தா, பதினோரு நாய்க்குட்டிகளுடன்.

ஆபீசே சிரித்தது. விதவை நாய் வளர்த்திருக்கிறாள், குமாஸ்தா அதையும் சொத்தில் சேர்த்து எழுதியிருக்கிறான். டிமெல்லோ சொல்லைத் தொட்டுக் காட்டினார், ‘கஷோரு’, நாய்க்குட்டியேதான், சந்தேகமே இல்லை. வராந்தாவுக்கு அவர் தேவையே இல்லை. ‘வராண்டா’ என்று எழுதியிருப்பதைப் பச்சைப் பிள்ளைகூட வராந்தா என்று படிக்கும்.

ஆக நடுவில் இருந்தது வராந்தா! பெரிய சார் மேசையைத் தட்டினார். பிறகு சொன்னார், கண்டுபிடித்தவள் மேரி, அவளே வரையட்டும்.

நான். வரைய. கட்டம் ஒன்று.

6-10-1964, செவ்வாய்

மூன்று நாளாக அதே படம். தரையோடு தரையாக நீளமான வராந்தா, பக்கவாட்டு வாசலில் மிஞ்சியிருக்கிற முறுக்குத் தூண் மாதிரியே எட்டுத் தூண். நாய்கள் படுக்க நல்ல நிழல். வெங்கடராமன் சார் எட்டிப் பார்த்து, அஸ்திவாரம் தோண்டிப் பார்த்துவிட்டு வரையலாமே என்றார். பொறாமை.

அம்மாவுக்கு நாய் விஷயம் பிடிக்கவே இல்லை. லேபர் கேம்ப்பில் எங்கள் வாசலில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. “நாய்க்கு வராந்தா கெட்டுனவன் வீடு விளங்குமா? அதான் குண்டு போட்டுட்டான்.”

20-10-1964, செவ்வாய்

கமிட்டி சரி என்றுவிட்டது. டிரான் கட்டத்தில் பென்சிலால் என் பெயர். முழுப் பெயர். இருதயமேரி. கட்டத்தில் இடம் போதவில்லை, நெருக்கி எழுதினேன்.

9-11-1964, திங்கள்

ஒன்றுமில்லை.

மூன்று நாள் தோண்டியாகிவிட்டது. முன்முகம் நெடுக ஐந்தடி ஆழம். எட்டுத் தூண் நின்ற இடமென்றால் எட்டு அஸ்திவாரம் இருக்க வேண்டாமா? மணல், கிளிஞ்சல், மறுபடி மணல். ஏதோ ஒரு மொட்டைக் கல் வந்தது, அதையும் தூக்கிக் கரையில் போட்டார்கள், ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வராந்தா என்று ஒன்று அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து குழியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பெரிய சாரிடம் இங்கிலீஷில் கேட்டார், அந்தப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று. மெட்ரிக். மெட்ரிக்தான் படிச்சிருக்கேன். அதுக்கு என்ன இப்ப?

12-11-1964, வியாழன்

கமிட்டி தீர்மானம்: செங்கல் சுவர். வெங்கடராமன் சார் என் படத்தையும் ஒரு ரப்பரையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “நீயே அழிச்சுடு மேரி. நான் அழிச்சா நன்னாயிருக்காது.”

அழித்தேன். நெருக்கி எழுதியதால் சீக்கிரம் போகவில்லை.

3-12-1964, வியாழன்

பாப்பரசர் பம்பாய்க்கு வந்திருக்கிறார். தாராவி, கேம்ப் எல்லாம் மைதானத்துக்குப் போய்விட்டது. அம்மா விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். திரும்பி வந்து, உனக்காகத்தான் வேண்டினேன் என்றாள். என்ன வேண்டினாய் என்று கேட்டால் சண்டைதான் வரும்.

நடுக்கட்டத்தில் முன்னூற்று இருபத்தாறு.

14-12-1964, திங்கள்

ஒழுங்காக, நடந்தபடியே எழுத வேண்டும்.

செங்கல் சுவருக்கு அளவெடுக்க என்னைத் தனியாக அனுப்பினார்கள். தண்டனைதான், வேறென்ன. அங்கே கொத்து வேலைக்கு மேஸ்திரி நயினார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பீடியைக் காதில் சொருகிக்கொண்டு அரை அங்குல வித்தியாசத்தை வெறுங்கண்ணால் சொல்லுவார். நான் உயரத்தில் அளக்க வேண்டும் என்றதும் ஆட்களைப் பார்த்து, “லேய், ரெண்டு குதிரை தூக்கிட்டு வாங்கல” என்றார். இந்திக்காரனுக்குத் தனியாக, “தோ கோடா லாவ்.” நாலு கால் மரச்சட்டம் இரண்டு வந்தது, மேலே பலகை போட்டார்கள், ஏறினேன்.

அளந்ததை எழுத நோட்டு கொண்டு போகவில்லை. மேஸ்திரியின் சாமான் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில், ‘சட்டி 20, மம்பட்டி 6, குதிரை 4’.

சிரிப்பு வந்தது. இன்னும் இருநூறு வருஷம் கழித்து எவளாவது ஒரு மக்கு இந்தப் புத்தகத்தைப் படித்தால், டூட்டா கில்லாவில் நாலு குதிரை கட்டியிருந்தார்கள் என்று லாயம் வரைந்து வைப்பாளே.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த மக்கு நான்தானே! பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி பயந்துபோய், தலை சுற்றுகிறதா என்றார். இல்லை அண்ணாச்சி, மரச்சட்டத்துக்கு நாம் குதிரை என்கிறோமே, அந்தக் காலத்து மேஸ்திரி எதை நாய்க்குட்டி என்றிருப்பான்?

அவர் யோசிக்கவே இல்லை. மோவாயால் காட்டினார். தோட்டத்து மூலையில் ஏழு கற்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம். ஒரு முனை செதுக்காத கரடு, மறுமுனை சுருண்ட மூக்கு, முன்னங்காலில் தாடையை வைத்துப் படுத்த நாய் போலவே. ‘அடையாளம் தெரியாத அலங்காரக் கற்கள், ஏழு’ என்று வெங்கடராமன் சார் பட்டியல் போட்டிருந்தார். அந்தப் பட்டியலுக்கு மை ஏற்றியவளே நான். கண்ணு போரும், புத்தி வேண்டாம்!

கரடான பாகம் சுவருக்குள் போகிற பாகம் என்றார் மேஸ்திரி. மூக்கு வெளியே நீட்டும், அதன்மேல் பலகைக்கல் போட்டு ஆள் நிற்கலாம். அதற்குச் சுவரில் பொந்து இருக்க வேண்டுமே என்றேன்.

“அந்தா இருக்கே. குண்டு ஓட்டைன்னு எல்லாரும் சொல்லுதாவ. குண்டு சதுரமா இருக்குமாம்மா? வந்த அன்னைக்கே நெனைச்சேன். எங்கிட்ட யாரு கேட்டா?”

குதிரையை நகர்த்தி நகர்த்தி அளந்தோம். தரையிலிருந்து பதினாலு அடி உயரத்தில், உடைந்த இடத்துக்கு இடது பக்கம் இரண்டு ஓட்டை, வலது பக்கம் ஒன்று. எல்லாம் பதினோரு அங்குலச் சதுரம். கல்லின் கரடு முனை பத்து அங்குலம். இடது பக்கத்து இரண்டு ஓட்டைக்கும் நடுவே சரியாக மூன்றடி. இடது கோடி ஓட்டையிலிருந்து வலது ஓட்டைக்கு நாடாவை இழுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேஸ்திரிதான் படித்தார். முப்பது அடி, அரை அங்குலம்.

மூன்றடிக்கு ஒன்று. முப்பது அடியில் பதினொன்று.

வராந்தா தரையில் இல்லை. மேலே இருந்தது. சுவரிலிருந்து நீட்டிய பதினோரு நாய்களின் முதுகில். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர்தான் வராந்தா போலிருக்கிறது. நமக்கு அதுவே தரைக்கு இறங்கிவிட்டது. அவன் விட்டுப்போன சொல்லை எடுத்தோம், அர்த்தத்தை மாடியிலேயே விட்டுவிட்டு!

சாயங்காலத்துக்குள் எண்ணினோம். தோட்டத்தில் ஏழு. வெளி வாசலில் இரண்டு, தலைகீழாக நட்டுத் தூணாக்கியிருக்கிறார்கள். பக்கத்து மீனவர் குப்பத்துக் கோலிப் பெண்கள் கிணற்றடியில் துணி துவைக்கிற கல் ஒன்று. பத்து. பதினொன்றாவது இல்லை.

15-12-1964, செவ்வாய்

காலையில் வெங்கடராமன் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஒரு தடவை குழி வெட்டினது போராதோ?” என்றார். ஆனால் டிபனை எடுத்துக்கொண்டு என்னுடன் கிளம்பிவிட்டார்.

ஓட்டைகளை அவரே அளந்தார். கற்களை அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். பிறகு, பத்துதானே இருக்கு, ஜாபிதாவில் பதினொன்று என்றால் கமிட்டி அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். நியாயம்தான். வேலி, சாக்கடை, உப்பளத்து மடை எல்லாம் தேடினோம். மத்தியானமாகிவிட்டது. சார் களைத்துப்போய் ஆட்கள் உட்காருகிற கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தார்.

நான் எதிரே மண்ணில். அவர் இரண்டு கால்களுக்கும் நடுவே கல்லின் ஓரம் தெரிந்தது. மண் அப்பியிருந்தது, ஆனால் மண்ணுக்கு அடியில் ஒரு சுருள்.

சார், கொஞ்சம் எழுந்திரிங்க என்றேன். சாப்பிட்டுண்டிருக்கேன் என்றார். எழுந்திரிங்க சார்!

நாலு வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. எழுந்துவிட்டார், கையில் தயிர்சாதத்துடன். மேஸ்திரி தண்ணீரை ஊற்றிச் சாக்கால் தேய்த்தார். மூக்கு வந்தது. தாடை வந்தது. என் குழியிலிருந்து வந்த மொட்டைக் கல்! இல்லாத வராந்தாவுக்கு நான் வெட்டவைத்த குழி. அதை வெட்டியிராவிட்டால் இது இன்னும் ஐந்தடிக்குக் கீழே படுத்திருக்கும்.

நான் அழுதேன். மறைக்கவில்லை.

வெங்கடராமன் சார் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கல்லை வெகுநேரம் பார்த்தார். “ஒரு மாசமா எல்லாரும் இதும்மேலதான் உக்காந்துண்டிருக்கோம்” என்றார். திரும்பும்போது பஸ்ஸில், நாளைக்குப் பெரிய பலகையில் உட்கார், டி-ஸ்கொயர் எடுத்துக்கொள், பெயரைக் கடைசியில் போடு என்றார்.

21-12-1964, திங்கள்

கமிட்டி. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டிமெல்லோ ஒரு தடித்த அகராதியுடன் வந்தார், முகமெல்லாம் சிவந்து. நாய்க்குட்டி என்ற சொல்லுக்குக் கீழே நாலாவது அர்த்தம்: சுவரிலிருந்து நீட்டி மாடத்தைத் தாங்கும் கல். முதல் அர்த்தத்தோடு நிறுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார் என்னிடம். வராந்தா என்றால் அவர்கள் ஊரில் மாடியில் இருப்பதுதானாம். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து அவரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டாரே, அவர்தான் முதலில் கை தூக்கினார். செங்கல் சுவர் ரத்து.

18-1-1965, திங்கள்

பத்து நாய் தயார், ஒன்று வரமாட்டேன் என்கிறது. கிணற்றடிக் கல்லைக் கோலிப் பெண்கள் விடமாட்டார்கள். எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதில்தான் துவைக்கிறோம் என்று ஒரு கிழவி கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மராத்தியில் அவளும் திருநெல்வேலி இந்தியில் நயினார் மேஸ்திரியும் ஒரு மணி நேரம். கடைசியில் ஒப்பந்தம்: அதே சாய்வில், அதே வழுக்கலில் வேறு கல் செய்து தர வேண்டும், துவைத்துப் பார்த்துத்தான் விடுவாள்.

27-2-1965, சனி

மேஸ்திரி செய்த கல்லில் கிழவி மூன்று புடவை துவைத்தாள். நாலாவதாக அவருடைய சட்டையையே கழற்றச் சொல்லித் துவைத்துப் பார்த்தாள். பாஸ்.

6-4-1965, செவ்வாய்

இன்று மூன்று நாய் ஏறின.

13-4-1965, செவ்வாய்

ஏழு. கோலிப் பிள்ளைகள் இப்போது டூட்டா கில்லா என்பதில்லை. ‘குத்தேவாலா கில்லா’, நாய்க் கோட்டை.

10-5-1965, திங்கள்

கடைசி நாய். பதினொன்றாவது, குழியிலிருந்து வந்தது. நடுவில் வைக்கச் சொன்னேன், பெரிய வாசலுக்கு நேர் மேலே. எந்த விதியும் இல்லை, எனக்கு ஆசை. வெங்கடராமன் சார் ஏன் என்று கேட்கவில்லை.

5-6-1965, சனி

வானம் கறுத்துவிட்டது, ஆனால் மழை இன்னும் விழவில்லை. பலகைக்கல், கைப்பிடி, இரண்டு பக்கமும் சம்மனசு, எல்லாம் முடிந்து இன்று பாரம் வைத்துப் பார்க்கிற நாள். கமிட்டி மணல் மூட்டை அடுக்கச் சொன்னது. மேஸ்திரிக்குக் கோபம். நான் கட்டினதற்கு மூட்டையா சாட்சி என்று சொல்லி, தன் ஆட்கள் முப்பது பேரையும் மேலே ஏற்றித் தானும் நின்றார். முப்பத்தோரு பேர், கடலைப் பார்த்து. ஒரு மயிரிழை அசையவில்லை. பெரிய சார் சந்தோஷத்தில் லாரி ஹாரன் குரலில் கத்தினார்.

அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். முன்முகம் முழுவதையும் பார்த்தாள். வளைவு, முறுக்கு, நாய்கள், மாடம். இப்போது நடுவில் கண் இடறவில்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. நான் காட்டினேன், அதோ அதுதான் என் வராந்தா என்று. அம்மா இன்னும் இரண்டடி பின்னால் போய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, “ஏளா, இத நீயா வரைஞ்ச?” என்றாள். நான்தான் என்றேன். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு கோலிப் பெண்ணிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள், எம் மவ, எம் மவ என்று.

பள்ளிக்கூடம் இருபத்தோராம் தேதி திறக்கிறது. பிள்ளைகள் இடைவேளையில் நாய்களின் முதுகில் நிற்கப் போகிறார்கள்.

15-6-1965, செவ்வாய்

மழை. குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. தாதர்வரை நடந்து, பஸ் பிடித்து, பதினோரு மணிக்கு ஆபீஸ் சேர்ந்தேன். என் இடத்துக்கு வந்த புது டிரேசர் காட்கோபரிலிருந்து வர முடியவில்லை. கோட்டையின் முடிவுப் படம் இன்று நாலு மணிக்குள் ப்ளூ பிரிண்ட் போக வேண்டும். பென்சில் படம் நான் முடித்தது, பலகையில் தயாராக இருந்தது. சரி, நானே மையும் ஏற்றிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

வெங்கடராமன் சார் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “வரைஞ்சவா டிரேஸ் பண்ணப்படாது மேரி. தப்பு இருந்தா கண்ணுக்குப் படாது” என்றார். தன் கோட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, என் படத்தின்மேல் துணியை விரித்து, சாக்பொடி தூவி, உட்கார்ந்தார்.

மூன்றரை மணி நேரம். நான் பக்கத்து ஸ்டூலில். ஒரு தடவை நிமிர்ந்து, இந்த மூக்குச் சுருள் இரண்டரை அங்குலமா மூன்றா என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்று போட்டார்.

முடித்ததும் பார்க்கச் சொன்னார். பதினோரு நாயையும் எண்ணினேன், ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்தேன். ஒரு தப்பு இல்லை. தேடாமல் இல்லை.

பிறகு மூலைக் கட்டங்கள். அச்சு மாதிரி எழுத்து அவருக்கு. முதல் கட்டத்தில் என் பெயர் நெருங்கிவிடும் என்று கட்டத்தையே அரை அங்குலம் அகலமாகப் போட்டிருந்தார். டிரான்: இருதயமேரி. மை தொட்டுக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார். டிரேஸ்டு: வெங்கடராமன்.

மை காயும்வரை நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.